கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்: பிள்ளைக்கு என்ன சொல்வது?

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நெய்வேலி டவுன்ஷிப்பைச் சேர்ந்த ஒரு சகோதரர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சுரங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். வரும் மே மாதம் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீடு இன்னும் அமையவில்லை. மகனுக்கோ, அல்ஹம்துலில்லாஹ், கல்லூரி முடியும் முன்பே இரண்டு ஆஃபர் லெட்டர். ஒன்று சென்னையில் மென்பொருள் பொறியாளர் வேலை. மற்றொன்று பெங்களூரில் ஒரு கன்சல்டிங் நிறுவனம். அங்கே சம்பளம் கூடுதல்.

"ஹஜ்ரத், நீங்கதான் தம்பிக்கு எடுத்துச் சொல்லணும். அதிகம் தர்ற இடத்தை விட்டுட்டு, குறைச்சலா தர்ற இடத்துக்குப் போறேங்கிறான்" என்றார். தம்பி பேசாமல் நின்றார்.

நான் மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு பி.ஏ. வரலாறு படித்தவன். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்பதே முறை என்பதால் இரண்டு நாள் அவகாசம் வாங்கி, நம் ஜமாஅத்தின் பொறியாளர்களிடம் விசாரித்தேன். இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வோம். நம் வீடுகளில் 'கன்சல்டன்சி' என்றால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி. இது அதுவல்ல. ஒரு நிறுவனத்துக்கு வியாபாரத்தில் சிக்கல் வந்தால், வெளியாட்களை அழைத்து ஆராயச் சொல்லி, யோசனைக்குக் கட்டணம் கொடுக்கிறது. மெக்கின்சி, டெலாய்ட் போன்றவை இத்தொழிலில் பெயர் பெற்றவை. சில வாரமோ சில மாதமோ ஓர் இடம். பிறகு வேறு ஊர், வேறு தொழில். பயணமும் இரவு வேலையும் அதிகம். சில ஆண்டுகளிலேயே பல துறைகளைப் பார்த்துவிடலாம். ஆனால் குறித்த காலத்தில் பதவி உயர்வு கிடைக்காதவரை வெளியேறச் சொல்லும் வழக்கம் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் உண்டு.

இன்னும் இரண்டு வகை உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் 'கன்சல்டன்ட்' என்பது வெறும் பதவிப் பெயர்; செய்வது பொறியாளர் வேலைதான். வேறு சில இடங்களில் ஊழியராகச் சேர்க்காமல், ஒப்பந்தத்தில் வைத்துக் கட்டணம் கொடுப்பதற்கும் அதே பெயர். அதில் பி.எஃப். இருக்காது, கிராஜுவிட்டி இருக்காது. ஆகவே பதவிப் பெயரைப் பார்த்து மகிழாமல் கடிதத்தின் உள்ளே படியுங்கள். பி.எஃப். உண்டா? பாண்ட் உண்டா? நோட்டீஸ் காலம் எவ்வளவு? சொல்லப்படும் ஆண்டுத் தொகையில் நிச்சயமான சம்பளம் எவ்வளவு, 'நிறுவனம் நன்றாக நடந்தால்' கிடைப்பது எவ்வளவு?

பொறியாளர் வேலை வேறு மாதிரி. அவர் ஒன்றைக் கட்டுகிறார், கட்டியதோடு தங்குகிறார். இரவு இரண்டு மணிக்கு அது பழுதானால் அவருக்குத்தான் போன் வரும். ஒரே துறையில் ஆழம் கிடைக்கும். ஆனால் அங்கும் ஆட்குறைப்பு உண்டு. நெய்வேலித் தகப்பனார்கள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும்: ஓய்வு வயதுவரை நீடித்த உங்கள் காலத்து வேலை இந்த இரண்டிலுமே இல்லை.

எது உயர்ந்தது? நெய்வேலியின் வரலாறே பதில் சொல்கிறது. 1950-களின் நடுவில் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் ஆலோசனை நிறுவனம் இங்குள்ள பழுப்பு நிலக்கரியை எடுக்கும் திட்டத்தை ஆராய்ந்தது. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957-ல் தோண்டும் வேலை ஆரம்பமானது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர். இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே பாதுகாப்பாகத் தோண்ட முடியும். நிலக்கரி கண்ணில் பட 1961 ஆனது. ஆய்வில்லாமல் யாரும் அவ்வளவு பணத்தை மண்ணில் போட மாட்டார்கள். ஆனால் அறிக்கை மட்டும் நீரை இறைக்காது. இரண்டும் தேவைப்பட்டன.

ஹிஜ்ரி 5-ல் அகழ்ப்போரின்போது அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகரான ஸல்மான் (ரலி). தம் நாட்டில் கண்டதை வைத்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தாமும் இறங்கித் தோண்டினார். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். 1908-ல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தை அழித்தபோது நிஜாம் அரசு ஆலோசகராக அழைத்தது விஸ்வேஸ்வரய்யாவை. அதற்கு முன் அவர் பம்பாய் மாகாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக உழைத்திருந்தார். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் அந்த ஆலோசனையின் பலன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: கையால் செய்தவரின் யோசனைக்கு எடை கூடுதல். பொறியாளராகச் சில ஆண்டு இருந்தபின் ஆலோசனைத் தொழிலுக்குப் போவது எளிது. திரும்பி வருவது கடினம் என்றே நான் கேட்டவர்களும் சொன்னார்கள். அதேசமயம், பேச்சும் பயணமும் புது மனிதர்களும் பிடித்த பிள்ளையை ஒரே திரையின் முன் கட்டிப்போடுவதும் நியாயமல்ல.

மார்க்கம் தொடும் இடங்களும் உண்டு. யோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர். கட்டணம் தருபவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்வது மோசடி. வட்டிக் கடனை விரிவாக்கும் வேலையோ மதுபானக் கம்பெனி வேலையோ தலையில் விழுமா, மறுக்க முடியுமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். பொறியாளரும் இதைக் கேட்க வேண்டும். கடன் செயலியை எழுதுபவரும் அவர்தானே. மஷூராவுக்குப் பின் இஸ்திகாரா தொழுங்கள். கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இரண்டு ரக்அத் தொழுது, துஆ கேட்டு, தெளிவானதைச் செய்ய இறங்குவதுதான் அது.

மூன்றாம் நாள் மூவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நிச்சயமில்லாத தொகையைக் கழித்து, பெங்களூர் வாடகையையும் சாப்பாட்டையும் கழித்தபோது, பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் மாதம் பதினோராயிரமாகச் சுருங்கியது. "வீட்டு வாடகையை நான் தர்றேன் அத்தா. மே மாசத்திலிருந்தே தர்றேன்" என்றார் தம்பி. அந்த இரண்டு நாளில் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

தகப்பனார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "நானும் முப்பது வருஷம் மெஷினோடவே இருந்தவன்தான் ஹஜ்ரத். சென்னைக்கே போகட்டும்" என்றார்.

முடிவு அவர்களுடையது; உங்கள் வீட்டில் அது வேறாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் முன், அந்தக் கடிதத்தை அவரோடு உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக.