தாழாமையும் உயர்வும்

முன்னர் என்னிடம் தமிழ் பயின்று இன்று மருத்துவராய் விளங்கும் மாணவி ஒருத்தி, சென்ற மாதம் என் இல்லத்துக்கு வந்து, "ஐயா, ஒரு மருந்து மற்றொன்றினுந் தாழ்ந்ததன்று என்பதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும்" என்றாள். "ஒப்பு என்று சொல்லலாமே" என்றேன். "ஒப்பு வேறு, இது வேறு ஐயா" என்று அவள் மறுத்தபோது, இத்தனை ஆண்டு இலக்கணம் கற்பித்தும் யான் அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டிருந்தமை புலனாயிற்று.

பெண்கள் படிப்பதற்கென அவள் எழுதிக்கொண்டிருந்தது, ஜெப்போற்றிடசின் என்னும் புதிய நுண்ணுயிர்கொல்லி பற்றிய கட்டுரை. சிறுநீர்வழித் தொற்றுக்குரிய மருந்து அது. நம்மூர்ப் பெண்டிர் சலக்கடுப்பு என்று சொல்லி, வெளியிற் சொல்ல நாணிப் பொறுத்துக்கொள்ளும் நோய்தான். அதனைப் பெரும்பாலும் விளைவிக்கும் ஈ. கோலை என்னும் பற்றீரியா, பழைய மருந்துகள் பலவற்றுக்கு அடங்காததாய் மாறிவருதலின், புதியதொன்று வேண்டியதாயிற்று. இம்மருந்து பற்றீரியாவின் டீ.என்.ஏ. படியெடுக்கப்படுதற்கு வேண்டிய இரு நொதியங்களைத் தடுக்கின்றது; சிப்புரோபுளொக்சசின் போன்றவை பற்றும் இடத்தை விடுத்து, வேறோர் இடத்தைப் பற்றுகின்றது.

1953 முதல் வழக்கிலுள்ள நைத்திரோபியுரான்ரோயினோடு இதனை ஒப்புநோக்கிய இரு பரிசோதனைகளின் முடிபுகள் 2024இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தன. இரண்டும் ஐந்து நாள், நாளுக்கு இருமுறை. எவர் உண்பது எதுவென நோயாளருக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பத்துக்கு மேற்படத் தாழாதாயின் 'தாழாதது' எனக் கொள்வோம் என்று ஆய்வாளர் முன்னரே வரம்பு கட்டினர். முதலாவதில் புதியது நூற்றுக்கு 50.6, பழையது 47.0 வெற்றி. அவ்வேறுபாடு தாழாமையை நிறுவிற்று, உயர்வை நிறுவவில்லை. இரண்டாவதில் 58.5க்கு 43.6. அங்கு உயர்வும் நிறுவப்பட்டது.

"பாதிப்பேருக்குத்தானா குணம்?" என்று கேட்டேன். வெற்றிக்கு அவர்கள் வகுத்த வரைவிலக்கணம் கடுமையானது என்றாள். நோய்க்குறி முற்றும் நீங்கவேண்டும்; சிறுநீரிற் பற்றீரியாவும் குறித்த அளவுக்குக் கீழே ஒடுங்கவேண்டும். சிறிது எரிவு எஞ்சினும் தோல்விதான். எண்ணைக் காணுமுன் வரைவிலக்கணத்தைக் காணவேண்டும் என்பதை மாணாக்கியிடமிருந்து கற்றேன்!

பின்னும் ஒன்று. அம்முதன்மைக் கணக்கிற் சேர்க்கப்பட்டவர்கள், பழைய மருந்துக்கு அடங்கும் பற்றீரியா உடையோர் மட்டுமே. ஆயின், புதியது மிகவும் வேண்டப்படுவோர் பழையதற்கு அடங்காத நோயுடையோரல்லரோ? அவர்கள் நிலையை இக்கணக்கு நேரே அளக்கவில்லை. வயிற்றோட்டமும் புதியதை உண்டோரிடத்து மிகுதி: முதலாவதில் நூற்றுக்கு 14, இரண்டாவதில் 18. ஐக்கிய அமெரிக்கா 2025 மார்ச்சில் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

"'உயர்ந்தது' என்று மட்டும் எழுதிவிட்டால், பழையதில் தீரக்கூடியவர்களும் புதியதையே கேட்பார்கள். கண்டபடி உண்டால் இதற்கும் பற்றீரியா பழகிவிடும்" என்றாள்.

நெடுநேரம் எண்ணி, 'வரம்பிற்றாழாமை' எனப் புணர்த்துக் கொடுத்தேன். அவள் இருமுறை வாசித்துப் பார்த்து, "நோயாளர் படிக்கவேண்டும், ஐயா" என்றாள். 'வரம்பின் தாழாமை' எனச் சந்தி பிரித்து எழுதிக் கொடுத்தேன்.