முன் அச்சு ஆயில் சீல் ஒழுகுகிறதா?

நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் காய்கறி பயிரிடும் உழவர்களில் சிலர் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பிக்கப் வண்டி வைத்துள்ளனர். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் மூட்டைகளுடன் மேடேறுவதற்கு இவ்வண்டி ஏற்றது. ஆனால் அதே சேறும் நீரும் முன் அச்சின் ஆயில் சீலைக் கெடுக்கின்றன. சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது என்று விட்டுவிட்டால் டிபரன்ஷியலில் ஆயில் வற்றி, பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தேய்ந்துவிடும். சீலின் விலை சொற்பம். பற்சக்கரச் செலவோ ஒரு போகத்து இலாபத்தை விழுங்கக்கூடியது.

ஒழுகுவது எது?

முதலில் இதைத் தெளிவாக அறிய வேண்டும். கியர் ஆயில் கெட்டியாகவும் கந்தக வாடையுடனும் இருக்கும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருந்தால் கிழிந்திருப்பது அச்சுத்தண்டின் ரப்பர் உறை, சீல் அன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சீலை மாற்றுவோர் உண்டு.

பழைய ஜீப் வகைகளில் முன் அச்சு ஒரே குழாயாக இருக்கும். அவற்றில் ஒழுகும் ஆயில் குழாய் வழியே சக்கரம் வரை வந்து பிரேக்கை நனைக்கக்கூடும். மேட்டுப்பாளையத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ பாரத்துடன் இறங்கும் வண்டிக்கு இது உயிராபத்து. அவ்வகையில் டிபரன்ஷியலையே கழற்ற நேரிடும் என்பதால் பட்டறையில் விடுவதே நலம். இனி வரும் முறை, இருபுறமும் தனித்தனி அச்சுத்தண்டு உள்ள வண்டிகளுக்கு உரியது.

புதிய சீலும் ஏன் ஒழுகுகிறது?

பெரும்பாலும் குற்றம் சீலில் இல்லை. அச்சின் மேல் பிரீதர் என்னும் மூச்சுத் துளை உண்டு. ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று இதன் வழியே வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் காற்றின் அழுத்தம் ஆயிலைச் சீலின் உதடு வழியே தள்ளும். சூடான அச்சு ஓடை நீரில் இறங்கிக் குளிரும்போது இதற்கு நேர்மாறாக உள்ளே நீர் உறிஞ்சப்படும். வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று கொள்க. ஆகவே பிரீதரைக் கழற்றிக் கழுவி, ஊதிப் பார்த்த பின்னரே சீலில் கை வைக்கவும்.

மாற்றும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அணை கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு அவசியம். ஆயில் நிரப்பும் பிளக்கை முதலில் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் திறக்கவும். மேல் பிளக் இறுகிக் கிடந்தால், வடித்த பின் நிரப்ப வழியிராது.

சக்கரத்தைக் கழற்றி, கையேட்டில் கண்டபடி அச்சுத்தண்டை விடுவித்து வெளியே எடுக்கவும். சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால் புதிய சீலும் நெடுநாள் நிற்காது. தண்டைச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டும். பேரிங் ஆடினாலும் இதே கதைதான்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் குறித்துக்கொண்டு, அது அமர்ந்திருக்கும் குழியில் கீறல் விழாமல் நெம்பி எடுக்கவும். அதைக் கையோடு கடைக்குக் கொண்டு சென்று, அதன்மேல் உள்ள எண்ணை ஒப்பிட்டு வாங்குக. சில வண்டிகளில் இடது, வலது சீல்கள் வேறு வேறு. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும்.

சுருள்கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கியர் ஆயிலைத் தடவுக. உலர்ந்த உதடு ஓடத் தொடங்கியதும் கருகிவிடும். சீலின் வெளி விளிம்பளவு உள்ள குழாய்த் துண்டை வைத்து, சாயாமல் மெதுவாகத் தட்டி இறக்கவும். தண்டைத் திரும்பச் செருகும்போது அதன் எடையைக் கையில் தாங்கிக்கொள்ளவும். தண்டின் பற்கள் உரசினாலே புதிய உதடு கிழிந்துவிடும்.

கையேடு கூறும் தரத்து ஆயிலை, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு மட்டம் வரை ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றுவதும் ஒழுக்குக்குக் காரணமாகும். வடித்த ஆயிலை வரப்பிலோ ஓடையிலோ கொட்டாமல், தகரத்தில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுக்கவும். இரண்டு நாள் ஓடிய பிறகு சீலைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, ஆயில் மட்டத்தையும் மீண்டும் சரிபார்க்கவும்.