எதிர்ப்புறம் ஒரு புதிய பேக்கரி

நம் மருத்துவமனையின் கிழக்கு வாயிலுக்கு எதிரே சென்ற மாதம் ஒரு பேக்கரி திறக்கப்பட்டது. கோவையில் பேக்கரி என்றால் தேநீரும் சேர்ந்தே கிடைக்கும் இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த முதல் வாரத்திலேயே அதன் எண்ணெய்க்கறை படிந்த காகிதப் பொட்டலங்கள் எங்கள் வார்டுகளுக்குள் வரத் தொடங்கிவிட்டன. புறநோயாளர் பிரிவிலும் கேள்விகள் எழுந்தன. "பப்ஸ் ஒண்ணே ஒண்ணு சாப்பிடலாங்களா டாக்டர்?" என்பதே அவற்றுள் முதன்மையானது.

இதற்கு "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் விடையளித்துவிடுவது மருத்துவர்களுக்கு எளிது. ஆனால் அந்த விடையால் பப்ஸ் உண்பது குறைந்ததாக எங்களுக்கு நினைவில்லை. எங்களிடம் சொல்வதுதான் குறைகிறது. எனவே நீரிழிவுத் துறையைச் சேர்ந்த நாங்கள் இருவர், உணவியல் நிபுணர், வார்டு செவிலியர் ஒருவர் என நால்வரும் ஒரு மாலை நாலரை மணிக்கு அங்கே சென்றோம். முட்டை பப்ஸ், தேங்காய் பன், தேன் கேக், தில்பசந்த், உப்பு பிஸ்கட், ரஸ்க், கிரீம் பேஸ்ட்ரி ஆகியவற்றை வாங்கினோம். உணவியல் நிபுணர் தம் கைப்பையில் சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் பப்ஸை எடை போட்டபோது அருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்கள், நாங்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்திருப்பதாக எண்ணிச் சற்று விலகி நின்றனர்.

சுவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். பப்ஸ் நன்றாக இருந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது. மேலடுக்குகள் சருகுபோல் நொறுங்கின. உள்ளே வெங்காய மசாலாவில் மிளகின் காரம் தெரிந்தது. தேங்காய் பன்னில் இனிப்பு அளவோடு இருந்தது. தில்பசந்தில் டூட்டி ஃப்ரூட்டி மிகுதி, தேங்காய் குறைவு. தேன் கேக்கில் தேன் இல்லை. கேட்டதற்கு மாஸ்டர் சிரித்துக்கொண்டே, சர்க்கரைப் பாகில் சிறிது எசன்ஸ் என்றார். இது ஊரறிந்த செய்திதான். ஆயினும் 'தேன்' என்னும் பெயரை நம்பி, சர்க்கரைக்கு மாற்றாக அதை உண்ணும் நீரிழிவாளர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். உண்மைத் தேனாகவே இருந்தாலும் இரத்தச் சர்க்கரை உயரவே செய்யும். கிரீம் பேஸ்ட்ரி எங்களுள் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அண்ணத்தில் மெழுகு போன்ற ஒரு படலம் தங்கிவிட்டது. வெண்ணெய் உடலின் வெப்பத்திலேயே உருகிவிடும். அவ்வாறு உருகாமல் ஒட்டிக்கொள்ளும் கிரீம் பெரும்பாலும் கெட்டியாக்கப்பட்ட தாவரக் கொழுப்பினால் ஆனது.

மாஸ்டர் எங்களை உள்ளே அழைத்துச் சென்று பப்ஸ் செய்யும் முறையைக் காட்டினார். மைதா மாவை விரித்து, அதன்மேல் மார்ஜரின் தடவி, மடித்து, தேய்த்து, மீண்டும் மடித்து, மீண்டும் தேய்க்கிறார்கள். அடுப்பில் வைத்ததும் மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளை மேலெழுப்புகிறது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது இடையிலுள்ள கொழுப்பு. ஆகவே பப்ஸில் கொழுப்பைக் குறைத்துச் செய்யுமாறு கேட்பதில் பயனில்லை. கொழுப்பைக் குறைத்தால் அது பப்ஸாக இராது. பன் அப்படியன்று. அது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்த மாவு. அதில் கொழுப்பு மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. இரண்டுக்கும் மைதாதான் அடிப்படை என்றாலும், இதய நோயாளி ஒருவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனில், வெண்ணெயோ கிரீமோ தடவாத சாதாரண பன்னையே நாங்கள் காட்டுவோம்.

மார்ஜரின் பெட்டியின் அட்டையையும் படித்துப் பார்த்தோம். ஒரு காலத்தில் பேக்கரிப் பொருள்களைப் பற்றி இதய மருத்துவர்களின் பேரச்சம் டிரான்ஸ் கொழுப்பாகவே இருந்தது. தாவர எண்ணெயைப் பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்து கெட்டியாக்கும்போது உண்டாகும் இக்கொழுப்பு, தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதற்கு 2 சதவீத உச்சவரம்பு விதித்துள்ளது. நாங்கள் பார்த்த பெட்டியில் வரம்புக்கு உட்பட்ட அளவே அச்சிடப்பட்டிருந்தது. இது நற்செய்தியே. எனினும் டிரான்ஸ் கொழுப்பின் இடத்தைப் பெரும்பாலும் பாமாயிலின் நிறைவுற்ற கொழுப்பு பிடித்துள்ளது. 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்னும் வாசகத்துக்குக் 'கொழுப்பு இல்லை' என்பது பொருளன்று.

முட்டை பப்ஸ் ஒன்று 104 கிராம் நின்றது. உணவியல் நிபுணரின் கணக்குப்படி அதில் ஏறத்தாழ 300 கலோரிக்கு மேல்; அதாவது நடுத்தர அளவு இட்லி ஐந்துக்கு நிகர். ஐந்து இட்லி உண்டவர் இரவு உணவு முடிந்தது என்று கருதுவார். பப்ஸ் உண்டவரோ அதனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இன்னொன்றும் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையிலிருந்து மெதுவாகவே வெளியேறும். பப்ஸ் உண்டு ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் சோதித்துப் பார்த்து, "ஒன்றும் ஏறவில்லையே" என்று மகிழ்பவர்கள், மூன்றாம் மணி நேரத்தில் சோதித்தால் வேறு எண்ணைக் காண்பார்கள்.

இப்போது, எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். பின்வரும் நிகழ்வு ஒருவருடையது அன்று. வெவ்வேறு குடும்பங்களில், சிறு மாற்றங்களோடு, நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது. பாதப் புண்ணுக்காக நீரிழிவாளர் ஒருவர் சேர்க்கப்படுகிறார். உணவு மருத்துவமனையிலிருந்தே வருகிறது. அவருக்கோ அந்த உப்புமாவும் கஞ்சியும் பிடிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, செவிலியர் சுற்று முடிந்த பின், மகன் ஒரு துண்டு கேக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அன்பினால்தான் கொடுக்கிறார். காலையில் சர்க்கரை 260 காட்டுகிறது. நாங்கள் இரவு இன்சுலினைச் சில யூனிட்டுகள் கூட்டுகிறோம். மறுநாளும் கேக் வருகிறது, மறுநாளும் சர்க்கரை இறங்கவில்லை, மறுபடியும் கூட்டுகிறோம். புண் ஆறி அவர் வீடு திரும்புகிறார். வீட்டில் மனைவி கண்டிப்பானவர், கேக் நின்றுவிடுகிறது. ஆனால் எங்கள் மருந்துச் சீட்டில் எழுதப்பட்ட இன்சுலின் அளவு அந்தக் கேக்கையும் சேர்த்தே எழுதப்பட்டது. மூன்றாம் நாள் பின்னிரவில் உடல் வியர்த்து, நாக்குழறி, அவர் எழுப்ப எழுப்ப விழிக்காமல் கிடக்கிறார்.

கேக் உண்டதால் ஒருநாள் சர்க்கரை உயர்வது எங்களால் சமாளிக்கக்கூடியது. உண்டதை மறைத்ததால் வரும் தாழ்சர்க்கரை உயிரைப் பறிக்க வல்லது. எனவே வார்டில் எதை உண்டாலும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். சொல்பவரைக் கடிந்துகொள்ளக் கூடாதென்று எங்கள் துறையில் அனைவரிடமும் கூறியுள்ளோம். நோயாளியின் படுக்கையருகே உள்ள அட்டையில் 'வெளி உணவு' என ஒரு கட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் "இரவு 9, தேன் கேக், பாதி" என்று எழுதினால் போதும். மருந்தின் அளவை நாங்கள் அதற்கேற்பவே தீர்மானிப்போம்.

தாழ்சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். கை நடுங்கி வியர்க்கும்போது கையில் கிடைத்த கேக்கையோ சாக்லேட்டையோ கொடுப்பவர்கள் பலர். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சோதனையில் 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். உயரவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோருக்குத் தனியாக ஒரு சொல். ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய் போன்றவற்றுக்காகக் காலையில் பிரெட்னிசோலோன் உட்கொள்பவர்களுக்கு, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சீராகவே இருக்கலாம். பிற்பகலிலிருந்து இரவு வரைதான் அது உயரும். பேக்கரியில் சூடாகப் பொருள்கள் இறங்கும் நேரமும் அதுவே. இவர்கள் மாலைத் தேநீருடன் எதையேனும் கொறிக்க விரும்பினால் அவித்த முட்டையோ வறுத்த கடலையோ போதும். இரண்டும் அக்கடையிலேயே கிடைக்கின்றன.

'ஷுகர் ஃப்ரீ' என்று எழுதிய பிஸ்கட் டப்பாவும் அங்கே இருந்தது. அதில் சர்க்கரைதான் இல்லை, மைதா உண்டு. மைதாவும் குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. சில வகைகளில் சேர்க்கப்படும் மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள், அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். உப்பு பிஸ்கட் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இதயச் செயலிழப்பு உள்ளவர்க்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்க்கும் அதுவே கூடுதல் கேடு. உப்பிலிருந்து மட்டுமின்றிச் சோடா மாவிலிருந்தும் சோடியம் சேர்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோர் சாக்லேட் கேக்கைத் தவிர்ப்பது நல்லது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் கீமோதெரபி நாள்களில், குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்ட கிரீம் எதுவும் வேண்டாம். பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்க்குப் பப்ஸின் நொறுங்கும் துகள்கள் மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். தேநீரில் நனைத்த ரஸ்க் மென்மையானதாயிற்றே என்று எண்ணாதீர்கள். திடமும் நீரும் ஒருசேர வாய்க்குள் இருப்பது இவர்களுக்கு இன்னும் கடினம். விழுங்கல் பயிற்சியாளர் அனுமதித்த பின்னரே தொடங்குங்கள்.

இவ்வளவு தடைகளையும் அடுக்கிய நாங்களே, சிலரிடம் "வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்வதும் உண்டு. நாள்பட்ட நோயால் பசியற்று, எடை இழந்து, எதையும் தொடாத முதியவர் ஒருவர், "தேங்காய் பன் வாசம் அடிக்குது" என்று தாமாகக் கேட்டால், அன்று அவருடைய சர்க்கரை அளவு எங்களுக்கு இரண்டாம் பட்சம். அவர் உண்ணும் கலோரியே அன்றைய மருந்து. நோய் முற்றிய நிலையில் வலி தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இனிப்பு கூடாது என்று முப்பது ஆண்டுகள் வாயைக் கட்டியவருக்கு, அவர் கேட்கும் கேக்கை மறுப்பதில் மருத்துவப் பயன் எதுவும் இல்லை. மருந்தை மாற்றிக்கொள்ள முடியும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உடனிருப்போரே, இனி உங்களைப் பற்றி. பேக்கரியில் நாங்கள் அமர்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே வந்தவர்களுள் பலர் எங்களுக்கு அறிமுகமானவர்கள். நோயாளிகள் அல்லர், நீங்கள்தான். மூன்று வாரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய் ஒருவர், ஒரு பப்ஸும் தேநீரும் வாங்கி நின்றவாறே உண்டார். அதுதான் அன்றைய இரவு உணவா என்று எங்கள் செவிலியர் கேட்டார். "அதே தானுங்க தெனமும்" என்றார். அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை ஊரிலேயே இருக்கிறது. நோயாளியின் மாத்திரை நேரங்களை மனப்பாடமாகச் சொல்லும் உடனிருப்போர், தம் மாத்திரை தீர்ந்து பத்து நாளாயிற்று என்பதை மறந்திருப்பது மிகச் சாதாரணம். நோயாளி வீடு திரும்பும் வாரத்தில் உடனிருந்தவர் மயங்கி விழுந்து சேர்க்கப்படுவதும் நடக்கிறது.

நம் வளாக உணவகம் இரவு எட்டரை மணிக்கே மூடிவிடுகிறது. பேக்கரியோ பதினொரு மணி வரை திறந்திருக்கிறது. ஆகவே உங்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. உணவகத்தைப் பத்து மணி வரை நீட்டிக்க வேண்டுமென்று நிர்வாகத்துக்கு எழுதியுள்ளோம். அது நிறைவேறும் வரை, அக்கடையிலேயே பிரட் ஆம்லெட் கேளுங்கள். பப்ஸைவிடப் புரதம் கூடுதல், பசியும் தாங்கும். சர்க்கரை குறைத்த பால் ஒரு குவளையும் வாழைப்பழம் ஒன்றும் சேர்த்துக்கொண்டால் நல்லது. உங்களுக்கு நீரிழிவு இருந்தால் பழத்தில் பாதி போதும். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தரைத்தளத்தில் உள்ள 14ஆம் எண் அறையில் மாலை 4 முதல் 6 மணி வரை கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். உட்கொள்ளும் மாத்திரையின் பெயர் நினைவில்லையெனில், வீட்டிலுள்ளவர்களிடம் அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைக் காட்டினால் போதும்.

உணவியல் நிபுணரும் அதே அறையில் அதே நேரத்தில் இருப்பார். பேக்கரியில் வாங்கிய பொட்டலத்தையும் கொண்டுவரலாம். தராசு அங்கேதான் இருக்கிறது.