உங்களுக்குத் தெரியுமா? மகளும் அம்மாவின் குரலும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், 7 முதல் 12 வயது வரையிலான 61 சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நிறுத்தி, திடீரென்று பேசச் சொன்னார்கள். போதாததற்குக் கணக்கும் போடச் சொன்னார்கள். (பெரியவர்களுக்கே வியர்த்துவிடும்!) பிறகு சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலரிடம் அம்மா போனில் மட்டும் பேசினார். மற்றவர்களுக்குப் பென்குயின் படம் போட்டுக் காட்டினார்கள். அணைப்பைப் போலவே போன் குரலும் பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசாலைக் குறைத்து, பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசினைக் கூட்டியது. 2010இல் வெளியான ஆய்வு இது. அம்மாவின் ஆறுதல் எழுத்துச் செய்தியாக வந்தபோது அந்தப் பலன் இல்லை என்பதை அதே குழு 2012இல் கண்டது.

பதின்வயதில் கதை மாறுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆப்ரம்ஸ், வினோத் மேனன் குழு 2022இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், 12 வயது வரை அம்மாவின் குரலுக்கே கூடுதலாகத் துலங்கிய மூளையின் மகிழ்ச்சிப் பகுதிகள், 13 வயதுக்கு மேல் அறிமுகமில்லாத குரல்களுக்குத்தான் அதிகம் துலங்கின. மகன்களுக்கும் இதே கதைதான். அம்மாவின் குரல் மறந்துபோகவில்லை: ஒரு விநாடிகூட நீடிக்காத, பொருளற்ற ஒலியைக் கேட்டே பதின்வயதினர் அதை 97 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

எனவே அம்மாக்களே, நாலு தடவை கூப்பிட்டும் மகள் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், உடனே ‘திமிர்’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.