அதிபரவளைவுச் சார்புகள்: ஒரு கலைச்சொல்லின் பொருளும் பெயர்ப்பும்

கொச்சியின் மட்டாஞ்சேரி, மொழித்தொடர்பை ஆராய்வோர் நன்கறிந்த பகுதி. மலையாளத்தோடு கொங்கணி, குசராத்தி, தமிழ் முதலியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் அங்கு அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். அதனை அடுத்துள்ள வெளி என்னுமிடத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் சலவைத்துறை ஒன்று உண்டு. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் காலத்தில் தம் முன்னோர் அங்கு வந்ததாக அச்சமூகத்தார் வழிவழியாகக் கூறுவர். துறையின் திறந்தவெளியில் முறுக்குக் கயிறுகள் வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன. புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துவது அங்குள்ள வழக்கம்.

இத்தகைய கயிற்றைத் தமிழர் 'கொடி' என்பர். மலையாளத்தார் 'அய' என்பர். இரு முனைகளிலும் கட்டப்பட்டுத் தன் எடையால் தொங்கும் கயிற்றின் வடிவத்தைக் கணிதம் 'சங்கிலியம்' என்கிறது. சங்கிலியைக் குறிக்கும் 'கத்தேனா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயரின் நேர்பெயர்ப்பு இது. இவ்வடிவத்தைக் கூறும் சமன்பாட்டில் இடம்பெறுவது அதிபரவளைவுக் கோசைன் என்னும் சார்பு. இச்சார்புகளின் இயல்பை விளக்கி, அவற்றின் பெயர்கள் தமிழில் எவ்வாறு அமைதல் தகும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரின் மூலம்

கூம்பின் வெட்டுமுகங்களுக்கு இன்று வழங்கும் கிரேக்கப் பெயர்களை நிலைபெறச் செய்தவர் பெர்கா நகரத்து அப்பொல்லோனியசு. ஒரு பரப்பை ஒரு கோட்டின்மேல் பொருத்தும்போது அது சரியாகப் பொருந்துதல், குறைதல், மிகுதல் என்னும் மூன்று நிலைகளே அப்பெயர்களின் பொருள். மிகுதலைச் சுட்டும் 'ஐப்பர்போலே' என்னும் அதே சொல் அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சியையும் குறித்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. பெயரடை மட்டும் இரண்டிற்கும் ஒன்றாகவே நின்றுவிட்டது. எனவே, துறையறியாத மொழிபெயர்ப்பாளர் அப்பெயரடையை 'மிகைப்படுத்தப்பட்ட' எனப் பெயர்க்க இடமுண்டு. அவ்வாறு பெயர்த்தால் தொடர் இலக்கண வழுவின்றி அமையும். கணிதம் மட்டும் மறைந்துவிடும்.

தமிழகப் பாடநூல்களில் பரவளையம், அதிபரவளையம், நீள்வட்டம் என்பன வழங்குகின்றன. முதலிரண்டும் இந்தியின் பரவலய, அதிபரவலய என்பவற்றோடு ஒத்தவை. இலங்கைத் தமிழில் பரவளைவு, அதிபரவளைவு, நீள்வளையம் என்பன வழங்குகின்றன. 'அதி' என்னும் முன்னொட்டு இரு வழக்கிலும் மிகுதிப்பொருளைக் காக்கிறது. வடமொழி அணிநூலாரின் அதிசயோக்தியிலும் அதே முன்னொட்டு நிற்பது கருதத்தக்கது.

வேறுபாடு பின்னொட்டில் உள்ளது. வளையம் என்பது மூடிய வடிவம். இங்குக் குறிக்கப்படும் கோடோ இரு கிளைகளாகப் பிரிந்து முடிவின்றி விரிவது. இலங்கை வழக்கு மூடிய வடிவத்திற்கு வளையம் என்றும், திறந்தவற்றிற்கு வளைவு என்றும் வேறுபடுத்துகிறது. இப்பொருத்தம் கருதியே இக்கட்டுரை 'அதிபரவளைவு' என்னும் வடிவை மேற்கொள்கிறது.

2. சார்புகளின் இயல்பு

ஆரம் 1 உடைய வட்டத்தின்மேல் நகரும் புள்ளியின் இரு ஆயங்களும் கோசைன், சைன் ஆகும். அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் எப்போதும் 1. அவ்வாறே, வர்க்கங்களின் வேறுபாடு 1 ஆக அமையும் அதிபரவளைவின் வலக்கிளைமேல் நகரும் புள்ளியின் ஆயங்கள் அதிபரவளைவுக் கோசைன், அதிபரவளைவுச் சைன் எனப்படும். இவற்றைக் கணிக்க, இயல் மடக்கையின் அடிமானமாகிய 2.71828... என்னும் எண்ணை ஓர் அடுக்கிற்கும், அதன் எதிர் அடுக்கிற்கும் உயர்த்த வேண்டும். கிடைக்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதிபரவளைவுக் கோசைன். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பாதியாக்கினால் அதிபரவளைவுச் சைன். அடுக்கு 1 எனின் முதலது 1.543, இரண்டாவது 1.175. அவற்றின் வர்க்கங்கள் முறையே 2.381, 1.381, வேறுபாடு 1.

இங்கு அடுக்காக நிற்கும் துணையலகு யாது என்பது மொழிபெயர்ப்பாளர் அறிய வேண்டிய செய்தி. வட்டத்தில் அது கோணம். வில்லின் நீளம் என்றும், வட்டக்கோணப்பகுதியின் பரப்பில் இருமடங்கு என்றும் கொள்ளலாம். அதிபரவளைவில் இவற்றுள் பரப்பு ஒன்றே பொருந்தும். பாகைக்கோணமும் வில்நீளமும் பொருந்தா. அதனாலேயே நேர்மாறுச் சார்புகளின் குறியீட்டில் வரும் 'ஆர்' என்னும் முன்னொட்டு பரப்பைச் சுட்டுகிறது. ஆங்கில நூல்கள் சில இவ்விடத்தில் வில்லைக் குறிக்கும் 'ஆர்க்' என்பதையே எழுதுகின்றன. அதனைப் பின்பற்றி 'வில்' எனப் பெயர்ப்பவர் மூலத்தின் வழுவையும் பெயர்த்தவராவார். 'நேர்மாறு அதிபரவளைவுச் சைன்' என்பது இவ்விடர்ப்பாடு அற்றது.

3. சைனும் நாணும்

சைன் என்னும் சொல்லே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் எச்சம். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்னும் வடசொல்லை அரபியர் ஒலிபெயர்த்தனர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அது பின்னர் ஆடையின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' எனப் படிக்கப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதனை 'சைனசு' என்றனர்.

மூலச்சொல் பிறழாது வழங்கிய இடங்களுள் கேரளம் ஒன்று. சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் சைனுக்கு முடிவிலாத் தொடரைக் கண்டார். ஏறத்தாழ 1530-இல் சேட்டதேவர் 'யுக்திபாசை' என்னும் நூலில் அதன் நிறுவலை மலையாளத்தில் எழுதினார். கொச்சி அரச குடும்பத்து இராமவர்மத் தம்புரானும் அகிலேசுவர ஐயரும் அந்நூலின் ஒரு பகுதியை விளக்கவுரையுடன் 1948-இல் வெளியிட்டனர். அத்தொடரின் உறுப்புகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும். கழித்தற்குறிகளையெல்லாம் கூட்டற்குறியாக்கினால் அதிபரவளைவுச் சைனின் தொடர் கிடைக்கும். யுக்திபாசை அத்திசையில் செல்லவில்லை. இச்சார்புகளை முதலில் வரையறுத்தவர் வின்சென்சோ ரிக்காத்தி, ஆண்டு 1757. 1760களில் இலாம்பெர்ட்டு அவற்றை விரிவாக வளர்த்தார்.

இவ்வுறவினால், வட்டச் சைனின் பெயர் புதிய சார்பின் பெயருக்குள் அப்படியே நிற்றல் வேண்டும் என்பது பெறப்படும். தமிழ் வடிவியலில் நாண் என்பது ஏற்கெனவே வேறு கோட்டிற்கு உரியதாதலின் 'அதிபரவளைவு நாண்' என்பது மயக்கம் தரும். சைன் குறியீட்டின் இறுதியில் 'எச்' சேர்த்து எழுதும் உலக வழக்கைத் தமிழ் நூல் மேற்கொள்ளும்போது, அவ்வெழுத்து பிரிந்து நின்று பெருக்கற்காரணியாகத் தோன்றாதவாறு அச்சில் காத்தல் வேண்டும்.

4. பயன்கள்

1691-இல் இலைபுநிட்சு, ஐகென்சு, யோகான் பெர்னூலி ஆகியோர் தொங்கும் சங்கிலியின் வடிவத்திற்குத் தீர்வு கண்டனர். முன்னர்க் கலிலியோ அதனைப் பரவளைவோடு ஒப்பிட்டிருந்தார். சலவைத்துறைக் கயிறு ஒன்று 10 மீட்டர் இடைவெளியில் நடுவே அரை மீட்டர் தொய்வதாகக் கொள்வோம். அதன் சங்கிலியத்திற்கும், அடியில் அதே வளைவுடைய பரவளைவிற்கும் முனையில் உள்ள வேறுபாடு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தொய்வு மிகும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

கொச்சி போன்ற துறைமுகங்களுக்கு வழிகாட்டிய கடற்படத்திலும் இச்சார்பு உண்டு. மெர்க்காட்டர் 1569-இல் வெளியிட்ட பட அமைப்பில், நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் அட்சரேகையின் தொலைவு, அதன் டேன்ஜென்டின் நேர்மாறு அதிபரவளைவுச் சைன் ஆகும். கொச்சிக்கு அருகிலுள்ள 10 பாகையில் இத்தொலைவு உண்மை விகிதத்தைவிட அரை விழுக்காடே மிகும். 60 பாகையில் 26 விழுக்காடு மிகும். சார்புக் கோட்பாட்டில் திசைவேகங்களைக் கூட்டுவதற்கும் இச்சார்புகள் வேண்டப்படுகின்றன.

5. முடிவு

கயிறும் கடற்படமும் திசைவேகமும் ஒரே சார்புக் குடும்பத்தில் அடங்குவதைப் படிப்பவர் உணர்வதற்குப் பெயர் ஒன்றே முதல் வழி. கொடியை வெறும் 'கயிறு' என்றால் பெரிய இழப்பில்லை. கண்முன் பொருள் இருக்கிறது. சார்புக்கோ அத்தகைய துணை இல்லை. ஆகவே ஒரு நூல் முழுதும் அதிபரவளைவு, அதிபரவளைவுச் சைன், நேர்மாறு அதிபரவளைவுச் சைன் என்னும் தொடர்பு அறாமல் காக்கப்படல் வேண்டும். தமிழகத்தார்க்குரிய நூலாயின் 'அதிபரவளையம்' என்னும் வடிவை முதலிடத்தில் உடன்காட்டுதல் போதும். இரு வழக்குகளையும் ஒரே நூலில் கலந்து எழுதுவதே தவிர்க்க வேண்டியது.