பால் ரிவியர் இல்லம்

பால் ரிவியர் இல்லம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் உள்ள ஒரு பழைய மரவீடு ஆகும். 1680 அளவில் கட்டப்பட்ட இது, அந்நகர மையத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய வீடு. இடிக்கப்படும் நிலையிலிருந்து 1902 இல் மீட்கப்பட்டு, தற்போது அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது.

வரலாறு

இவ்விடத்தில் முன்பு இருந்த போதகர் இன்கிரீஸ் மேத்தரின் இல்லம் 1676 இல் ஏற்பட்ட தீயில் அழிந்தது. அதே இடத்தில் எழுந்த புதிய வீட்டை வெள்ளிக் கொல்லரான பால் ரிவியர் 1770 இல் வாங்கினார். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரித்தானியப் படை வருவதை லெக்சிங்டனில் தங்கியிருந்த விடுதலை இயக்கத் தலைவர்களுக்கு எச்சரிக்க அவர் இவ்வீட்டிலிருந்தே புறப்பட்டார். மறுநாள் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. 1800 இல் அவர் வீட்டை விற்றுவிட்டார்.

புறக்கணிப்பும் மீட்பும்

19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி புலம்பெயர்ந்து வந்த ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பாக மாறியது. வீட்டின் மேல்தளங்கள் வாடகைக்கு விடப்பட்டன. தரைத்தளத்தில் வெவ்வேறு காலங்களில் மிட்டாய்க் கடை, சுருட்டுத் தொழிலகம், வங்கி, காய்கனிக் கடை ஆகியவை இயங்கின. வீடு இடிபடாமல் இருக்க, ரிவியரின் கொள்ளுப்பேரன் ஜான் ரெனால்ட்ஸ் 1902 இல் அதை விலைக்கு வாங்கினார். பின்னர் அமைந்த பால் ரிவியர் நினைவுச் சங்கம் நிதி திரட்டியது. கட்டடக் கலைஞர் ஜோசப் சாண்ட்லரின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்ட வீடு 1908 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எந்தக் காலத்து வீடு?

இரண்டு தளங்களுடன் கட்டப்பட்ட இவ்வீட்டின் முன்பகுதி, 18ஆம் நூற்றாண்டில் மூன்று தளங்களாக உயர்த்தப்பட்டிருந்தது. ரிவியர் வாழ்ந்த காலத்திலும் அத்தளம் இருந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. சாண்ட்லரோ வீட்டை 1700 அளவில் இருந்ததாகக் கருதப்பட்ட தோற்றத்துக்குக் கொண்டுவர விரும்பி அதனை அகற்றினார். ரிவியரின் பெயரால் காக்கப்பட்ட வீடு, இவ்வாறு அவர் பிறப்பதற்கு முந்தைய தோற்றத்தைப் பெற்றது. ஆயினும் கட்டமைப்பின் பெரும்பகுதி பழையதே.

ஒரு கட்டடத்தை இடிபடாமல் காப்பது பணியின் முதற்படி மட்டுமே. அதன் எந்தக் காலத்தைக் காப்பது என்பது அடுத்து எழும் கேள்வி. நினைவுச்சின்னம் ஒன்றில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான பகுதிகளை மதிக்க வேண்டும் என்று 1964 இன் வெனிஸ் சாசனம் வலியுறுத்துகிறது. அதன்படி பார்த்தால், அகற்றப்பட்ட மூன்றாம் தளமும் இவ்வீட்டின் வரலாற்றில் ஒரு பகுதியே.