உங்களுக்குத் தெரியுமா? பேனாவுக்குத் துணை தம்புரா!

எழுத உட்கார்ந்தால் காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவரா நீங்கள்? எந்த ஓசை எழுத்துக்குத் துணை, எது இடைஞ்சல்? காவிரிக் கரையிலிருந்தும் கடல் கடந்தும் சில தகவல்கள்.

● 'ஆம்பியன்ட்' இசை என்ற பெயரை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. விமான நிலையங்களுக்கென்றே 1970-களின் இறுதியில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். உற்றுக் கேட்டால் சுவைக்க வேண்டும். கேட்காமல் வேலையைப் பார்த்தாலும் தொந்தரவு தரக்கூடாது. இதுதான் அவர் வகுத்த இலக்கணம்.

● அவருக்கு முன்னோடி பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி. 1920-ல் பாரிஸ் கலைக்கூடம் ஒன்றில், நாடக இடைவேளையில் தன் பின்னணி இசையை வாசிக்கச் செய்தார். கூட்டமோ பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டது. கேட்காதீர்கள், பேசுங்கள், நடமாடுங்கள் என்று அவரே சுற்றிச் சுற்றி வந்து வேண்டிக்கொண்டார்!

● ஈனோவின் இலக்கணத்துக்குப் பொருந்தும் கருவி ஒன்று தஞ்சாவூரில் பல தலைமுறைகளாக இருக்கிறது. அதுதான் தம்புரா. நான்கு தந்திகள், ராகம் இல்லை, தாளம் இல்லை, சொல் இல்லை. கச்சேரி முடியும்வரை அதே மீட்டல். தஞ்சாவூர்த் தம்புராவும் வீணையும் பலா மரத்தில் உருவாகின்றன. வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

● தம்புராவின் ரீங்காரம் ஒரு நூல்துண்டில் இருக்கிறது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே அந்த நூலைச் செருகி, சற்றே நகர்த்தினால் நாதம் மலர்கிறது. மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே முடியாது என்றது அன்றைய இயற்பியல். தம்புராவிலும் வீணையிலும் அவை எழுவதை 1921-ல் கட்டுரையாக எழுதிக் காட்டியவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன்.

● நாகஸ்வரக் கச்சேரியில் தம்புராவின் வேலையைச் செய்தது 'ஒத்து'. பார்க்க நாகஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் வாசிப்பவருக்கு ஒரே சுரம்தான். கன்னத்தில் காற்றைத் தேக்கி, இழை அறாமல் ஊத வேண்டும். சுருதிப்பெட்டி வந்ததும் ஒத்து அரிதாகிவிட்டது. அந்த உழைப்பாளிகளில் பலரின் பெயர்கள் ஏடேறாமல் போனது பெரிய இழப்பு.

● ஒரே சீரான ஓசை மனத்தைக் கலைப்பதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் ஓசைதான் கலைக்கிறது. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸில், கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிலன் ஜோன்ஸ் குழுவினர் 1990-களில் நடத்திய நினைவாற்றல் சோதனைகளில் கண்டது இது. ஐப்பசி அடைமழையில் சம்பா வயல் தவளைகள் விடிய விடியக் கத்தினாலும் காவிரி டெல்டாக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கலாம்.

● பாட்டின் மொழி புரியாவிட்டால் இடைஞ்சல் இல்லை என்று நினைக்காதீர்கள். ஜெர்மன் தெரியாதவர்களின் காதில் ஜெர்மன் பேச்சை ஓடவிட்டபோதும் அவர்களது நினைவாற்றல் தடுமாறியதை 1976-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். தெலுங்கு தெரியாதவர் தியாகராஜ கீர்த்தனையைப் பின்னணியில் வைத்து எழுதினாலும் இதே கதையாகலாம்.

● கல்லூரி மாணவர்களைக் கணினியில் கட்டுரை எழுதச் சொல்லி, பின்னணியில் மென்மையான இசையை ஓடவிட்டுப் பார்த்தார்கள் அமெரிக்காவில். 2001-ல் வெளியான முடிவு: குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதும் வேகம் குறைந்தது. மெட்டு என்று ஒன்று இருந்தால் மனம் அதன் பின்னால் போகத்தான் செய்கிறது.

● ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைக் கணித்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாயூரத்தில் அவரிடம் தமிழ் படிக்க வந்த உ. வே. சாமிநாதையர், அங்கேயே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் ஊன்றாது என்று ஆசிரியர் கருதியதால் அதை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் இசை அவரை விடவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் இசைப்புலவர் கனம் கிருஷ்ணையருக்கும் வரலாறு எழுதியவர் அவரே.

● டெல்டாவின் பெரிய எழுத்தாளர்கள் இசையைப் பின்னணியில் வைக்கவில்லை. எழுத்துக்கு உள்ளேயே வைத்தார்கள். புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமரிசனம் எழுதினார். மௌனியின் புகழ்பெற்ற கதை ஒன்றின் பெயரே 'பிரபஞ்ச கானம்'. இசை பயின்று, வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமன், 'மோகமுள்'ளில் கும்பகோணத்து ரங்கண்ணாவின் வீட்டையே நாதத்தால் நிரப்பினார். இவர்களின் செவி, எழுதும்போது பழகியதல்ல; முழுமனதாகக் கேட்டுப் பழகியது.

● நீங்களும் இப்படிச் செய்து பார்க்கலாம். எழுதும் நேரத்தில் தம்புரா போதும். கைபேசிச் செயலியாகவே கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த சுருதியில், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் வையுங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்குத் தனியாக ஒரு பொழுது ஒதுக்குங்கள். அதை ஓடவிட்டுக்கொண்டு எழுதினால் எழுத்துக்கும் நியாயம் செய்ய முடியாது, தோடிக்கும் நியாயம் செய்ய முடியாது.